உங்களுக்குப் பதிலாக யார்?

திணைக்களத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி பதவி விலகுகிறார் என்ற மெயில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குச் சற்று முன் வந்தது. நான் அலுவலகச் சமையலறையில் மைக்ரோவேவில் புட்டைச் சூடாக்கிக்கொண்டு நின்றேன். தொலைபேசியில் அதை வாசித்ததும் புட்டை அதற்குள்ளேயே விட்டுவிட்டு மேசைக்குத் திரும்பிவிட்டேன். அரைமணி நேரம் கழித்து யாரோ அதை ஒரு கடதாசித் துவாயின் மேல் வைத்துக் கொண்டுவந்து தந்தார்கள்.

மெயிலில் மூன்று பந்திகள் இருந்தன. போகிறவருடைய சேவைக்கு நன்றி, அவர் குடும்பத்தோடு நேரம் செலவிடப் போகிறார், புதியவர் அடுத்த மாதம் பொறுப்பேற்பார். எங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எப்போதும் இருப்பதில்லை.

எங்களை என்றால் கொன்ராக்ட்காரரை. நான் கனடா மத்திய அரசின் திணைக்களம் ஒன்றுக்குப் பதினொரு வருடமாகக் கணினி வேலை செய்கிறேன், ஆனால் அரசு ஊழியர் அல்ல. ஓர் ஏஜென்சி என்னை அரசுக்குக் கொடுத்திருக்கிறது. ரொறன்ரோவின் வடக்கே உள்ள கட்டடத்தில் அதே மேசை, அதே கதிரை. பக்கத்தில் இருக்கும் ஊழியரின் அட்டை ஒரு நிறம், என் கழுத்தில் தொங்கும் அட்டை இன்னொரு நிறம். ஒவ்வொரு மார்ச் முடிவிலும் என் வேலை முடிந்துபோகும். அதற்கு முன் நீடிப்புக் கடிதம் வந்தால் ஏப்ரல் முதலாம் திகதி மறுபடி வேலை இருக்கும். சில வருடம் அது பெப்ரவரியிலேயே வந்துவிடும். ஒரு வருடம் கடைசி நாள் பின்னேரம் நாலரைக்கு வந்தது. இன்னொரு வருடம் வரவே இல்லை. ஏழு வாரம் வீட்டில் இருந்தேன், பிறகு கூப்பிட்டார்கள். அந்த ஏழு வாரத்தில் நான் எப்படி இருந்தேன் என்று என் மகள் இப்போதும் சொல்லிக் காட்டுவாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

மேலே ஆள் மாறும்போதெல்லாம் எங்களுக்கு நிலம் ஆடும். இப்போது போகிறவர் என் காலத்தில் நாலாமவர். முதலாமவர் எல்லா வேலையையும் வெளிக் கொம்பனிகளுக்குக் கொடுக்கலாம் என்றார். இரண்டாமவர் வந்து எல்லாவற்றையும் திருப்பி உள்ளே எடுக்கச் சொன்னார். மூன்றாமவர் பழைய கணினித் தொகுதிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்கப் போவதாகச் சொன்னார், வாங்க முதலே போய்விட்டார். நாலாமவர் எதையும் பெரிதாக மாற்றவில்லை. அதனாலேயே அவரை எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு எதிர்மேசையில் இருந்தவரும் கொன்ராக்ட்காரர்தான். மன்னார்க்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அண்ணை என்பேன், அவர் தங்கச்சி என்பார். நானும் அவரும் பார்த்தது ஒரே தொகுதியை. திணைக்களம் பொதுமக்களுக்கு அனுப்பும் கடிதங்களை அச்சுக்குத் தயார் செய்யும் பழைய தொகுதி அது. நாங்கள் கனடாவுக்கு வர முதலே யாரோ எழுதிய நிரல்கள். கடிதத்தின் உள்ளே என்ன வரவேண்டும் என்பது என் பக்கம். அது யாருக்கு, எந்த விலாசத்துக்குப் போகவேண்டும் என்பது அவர் பக்கம். ஊழியர்களில் யாருக்கும் அந்த நிரல்கள் தெரியாது. தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள்.

அந்த ஒரு மாதமும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மில்லிக்கனில் எங்கள் வீட்டுச் சமையலறை அலுமாரிகள் எல்லாவற்றையும் இறக்கிக் கழுவினேன். தேவையில்லாமல் காரை எடுத்துக்கொண்டு ஸ்ரீல்ஸ் வீதி வழியே போய், ஏதோ ஒரு பிளாசாவில் நிறுத்தி, மெயில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவேன். புதியவரின் பெயர் வெளியே வந்த அன்று அவர் முன்பு வேலை செய்த இடங்களில் என்ன செய்தார் என்று தேடித் தேடி வாசித்தேன். ஒரு வங்கியில் இருந்தவர். அங்கே வெளியாட்களைப் பாதியாகக் குறைத்தாராம்.

என் கணவருக்கு விமான நிலையத்தில் பொதிகள் ஏற்றும் பகுதியில் வேலை. அவருக்கும் வேலை போயிருக்கிறது, வந்திருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை நான் குளிர்சாதனப் பெட்டியை இழுத்து அதன் பின்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கோப்பியோடு வந்து நின்று பார்த்தார்.

"போன முறையும் நீர் உப்பிடித்தான் செய்தனீர். கடைசியில கடிதம் வந்தது. வீடுதான் துப்பரவானது" என்றார்.

புதியவர் பொறுப்பேற்ற வாரம் எல்லோருக்குமான வீடியோக் கூட்டம் ஒன்று வைத்தார். வயது குறைந்த மனிதர், கழுத்துப்பட்டி இல்லை, கைகளை ஆட்டி ஆட்டி நன்றாகக் கதைத்தார். இருபது நிமிடம் கதைத்த பிறகு, இனிமேல் பேசப்போவது ஊழியர்களுக்கானது, கொன்ராக்டில் இருப்பவர்கள் தயவுசெய்து வெளியேறுங்கள் என்று ஒரு பெண்குரல் சொன்னது. திரையில் சிறு சிறு சதுரங்கள் அணையத் தொடங்கின. நானும் வெளியேறினேன். எதிரில் அண்ணை ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். எங்களைச் சுற்றி ஊழியர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்திலிருந்து ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒருவர் நான் பார்ப்பதைக் கண்டுவிட்டுத் தலை குனிந்தார்.

அடுத்த திங்கள் படிவம் வந்தது. ஒவ்வொரு கொன்ராக்ட்காரரும் ஒரு பக்கத்துக்குள் நிரப்ப வேண்டும். மூன்று கேள்விகள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? அந்த வேலை நின்றால் என்ன நடக்கும்? நீங்கள் இல்லாவிட்டால் அதை வேறு யார் செய்ய முடியும்? வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் அண்ணை கீழே கோப்பிக் கடையில் வைத்துக் கேட்டார். "தங்கச்சி, உந்தப் படிவத்தை ரெண்டு பேரும் ஒண்டா இருந்து எழுதுவமே? நான் ஒண்டு எழுத நீர் இன்னொண்டு எழுதினால் பிழைச்சுப்போம்."

"இண்டைக்கு எனக்கு வேலை கிடக்கு அண்ணை. நாளைக்குப் பாப்பம்" என்றேன்.

எனக்கு அன்று அவசரமான வேலை எதுவும் இருக்கவில்லை. அதைச் சொன்னபோதே எனக்குத் தெரியும். ஆனால் எதற்காக அப்படிச் சொல்கிறேன் என்று அப்போது என்னையே கேட்கவில்லை. வியாழக்கிழமை வீட்டிலிருந்து வேலை செய்தேன்.

அன்று பின்னேரம் படிவத்தைத் திறந்தேன். முதலிரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதுவது லேசு. மூன்றாவதில் அண்ணையின் பெயரை எழுதினேன். அது உண்மை. நான் லீவில் நின்ற நாட்களில் என் பக்கத்தைப் பார்த்தவர் அவர்தான். ஒரு முறை ஆறு வாரம் பார்த்தார், எனக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது. பெயரை எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டேன். ஜன்னலால் பார்த்தேன். எதிர்வீட்டுச் சீனக்காரர் வாசலில் பனிக்கு உப்பு எறிந்துகொண்டிருந்தார். திரும்பி வந்து இருந்து அண்ணையின் பெயரை அழித்தேன். "தற்போது எவரும் இல்லை" என்று எழுதினேன். வாசித்துப் பார்க்காமலே அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து எங்கள் மனேஜர் இருவரையும் தனித்தனியே கூப்பிட்டார். ஒட்டாவாவில் இருக்கும் பெண், பிரெஞ்சுக்காரி, எப்போதும் வேகமாகக் கதைத்து முடிப்பவர். கூட்ட அறையில் திரை வழியாகச் சந்திப்பு. அண்ணைக்குப் பத்து மணி, எனக்குப் பத்தரை. அவர் பத்தேகாலுக்கே வெளியே வந்துவிட்டார். கதிரையில் இருந்து லாச்சியைத் திறந்து பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்.

"என்ரை கொன்ராக்ட் இந்த மாதத்தோட சரியாம்" என்றார்.

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். பத்தரைக்கு உள்ளே போனேன். எனக்கு இன்னும் ஒரு வருடம் நீடிப்பு என்றார் மனேஜர். நன்றி சொன்னேன். அவர் திரையை அணைக்கப் போகும் நேரத்தில், முடிவெடுத்த குழுவுக்கு இது கடினமாக இருக்கவில்லை என்றார். உன்னோடு வேலை செய்பவர் தன் படிவத்தில் தன் வேலையை உன்னால் செய்ய முடியும் என்று எழுதியிருந்தார், நீ உன் வேலையை எவராலும் செய்ய முடியாது என்று எழுதியிருந்தாய், எனவே எந்த இருக்கையை வைத்திருப்பது என்பது தெளிவாக இருந்தது. மனேஜர் அதை ஒரு நல்ல செய்தியின் பகுதியாகத்தான் சொன்னார்.

ஊழியர்கள் போகும்போது கேக் வெட்டுவார்கள், வாழ்த்து அட்டையில் எல்லோரும் கையெழுத்து வைப்பார்கள். கொன்ராக்ட்காரர் போகும்போது அடையாள அட்டையையும் லப்ரொப்பையும் வாங்கிக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அண்ணையின் கடைசி நாளன்று நான் பிளாசாவில் இருந்து மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். அவர் இரண்டு சாப்பிட்டார். மேசையில் இருந்த சின்ன மாதா படத்தை மேல்கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். மின்தூக்கிக் கதவு மூடும்வரை நான் நின்றேன். படிவத்தில் எழுதியதை அவரிடம் சொல்லவில்லை.

அதன்பிறகு எனக்கு வேலை இருந்தது, நிம்மதி இல்லை. முன்பு கடிதம் வருமா என்று திரிந்தேன், இப்போது கடிதம் வந்தும் திரிந்தேன். மரக்கறி வாங்கும் கடையை மாற்றினேன், ஏனென்றால் அண்ணையின் வீடு மல்வேர்னில், பழைய கடையில் அவரும் மனைவியும் ஞாயிறு பூசை முடிந்து சாமான் வாங்குவார்கள். தொலைபேசியில் அவர் பெயர் வந்தால் இரண்டு முறை எடுப்பேன், ஒரு முறை விடுவேன். எடுத்தால் அவர் கேட்பது பழைய வேலையைப் பற்றியல்ல. எங்காவது ஆள் தேடுகிறார்களா என்றுதான் கேட்பார். அந்த வயதில் அந்தப் பழைய நிரல்மொழியோடு வேலை தேடுவது எப்படி என்று எனக்குத் தெரியும்.

வசந்தம் வந்தபோது புதிய தலைமை அதிகாரி விலாசங்கள் இருக்கும் பகுதியைப் புதிய சேவைக்கு மாற்றச் சொன்னார். திணைக்களம் முழுவதற்கும் ஒரே விலாசப் பட்டியல் இருக்கவேண்டும் என்பது அவர் வாக்குறுதி. நல்ல யோசனைதான். அண்ணையின் பக்கத்தைப் பார்க்கவேண்டியது இப்போது நான். பார்த்தேன். சோதனைகள் எல்லாம் சரி வந்தன. மாற்றினோம்.

பத்து நாள் கழித்துக் கடிதங்கள் திரும்பி வரத் தொடங்கின. முதலில் ஒரு பெட்டி, பிறகு தள்ளுவண்டிகளில். தபால் அறையில் வேலை செய்பவர் படம் எடுத்து அனுப்பினார். சாம்பல் நிறப் பைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. நான் கீழே இறங்கிப் போய் ஒரு பையில் கையை விட்டு ஒரு கட்டை எடுத்தேன். மேலிருந்த கடிதத்தில் சென் ஜேம்ஸ் ரவுண் விலாசம். தெருவின் பெயர் சரி, கட்டட இலக்கம் சரி. மாடிவீட்டின் இலக்கம் இல்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது மல்வேர்னில் ஒரு வாடகைத் தொடர்மாடி, அதிலும் இல்லை. தனிவீட்டுக்காரருக்கெல்லாம் கடிதம் போயிருந்தது. மாடிவீடுகளில் இருப்பவர்களுடையது மட்டும் திரும்பி வந்திருந்தது.

நாங்கள் அகதியாக வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிவீட்டில் எட்டுப் பேர் இருந்தோம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கீழே வரவேற்புக்கூடத்தில் தேன்கூடு மாதிரித் தபால்பெட்டிகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பா என்னைத்தான் அனுப்புவார், ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தது நான்தான். அரசாங்கத்துக் கடிதம் வந்தால் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். இலக்கமில்லாத கடிதங்களைத் தபால்காரர் கீழே ஒரு பலகையில் கட்டாக வைத்துவிட்டுப் போவார், பிறகு அவை இருக்காது. இந்தப் பைகளில் இருந்த கடிதங்கள் சிலவற்றில் பதில் அனுப்பவேண்டிய கடைசித் திகதி இருந்தது. நான் எழுதிய வசனம் அது. தடித்த எழுத்தில் வரச் செய்ததும் நான்தான்.

மூன்று நாள் அண்ணையின் நிரல்களுக்குள் தேடினேன். வீட்டு இலக்கம் எங்கே போகிறது என்று பிடிபடவில்லை. மனேஜர் தினமும் இரண்டு முறை கேட்டார். வெள்ளிக்கிழமை அவர் குரல் மாறியிருந்தது. இந்தப் பகுதி உனக்குத் தெரியும் என்று முன்பு இருந்தவர் தன் படிவத்தில் எழுதியிருந்தாரே என்றார்.

சனிக்கிழமை காலை மல்வேர்னுக்குப் போனேன். அண்ணைதான் கதவைத் திறந்தார். மனைவி நர்ஸிங்ஹோம் வேலைக்குப் போயிருந்தார். சமையலறை மேசையில் இருக்கச் சொன்னார். நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடிக்க முதலே அவருக்குப் பிழை தெரிந்துவிட்டது. பழைய பதிவுகளில் மாடிவீட்டின் இலக்கத்துக்கு என்று தனி இடம் கிடையாதாம். அந்தக் காலத்தில் யாரோ அதை, 'இன்னாரின் கவனத்துக்கு' என்று எழுதும் வரியின் கடைசியில் ஒட்டிவிட்டார்களாம். அங்கிருந்து வெட்டி எடுத்துச் சேர்ப்பது அவர் எழுதிய ஒரு சின்ன நிரல்துண்டு, புதிய சேவைக்கு மாற்றியபோது அது விடுபட்டுப்போயிருந்தது. அதற்கு அவர் வைத்த பெயரைப் பார்த்தால் யாருக்கும் விளங்காது என்றும் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு நான் போயிருக்கலாம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கதிரையை விட்டு எழும்பியும் விட்டேன். பிறகு மறுபடி இருந்து, படிவத்தில் என்ன எழுதினேன் என்று சொன்னேன். உங்கள் பெயரை எழுதிவிட்டு அழித்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் மேசை விரிப்பின் சுருக்கத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "மனேஜர் எனக்கும் அதைத்தான் சொன்னவ."

"பிறகேன் அண்ணை ஒண்டும் கேக்கேல்லை?"

"என்ன கேக்கிறது? பயத்தில எழுதினனீர். அது எனக்கு விளங்கும், எனக்கும் பயம்தான். ஆனால் ஒண்டா இருந்து எழுதுவம் எண்டு நான் கேட்டனான். அண்டைக்கு உமக்கு ஒரு வேலையும் கிடக்கேல்லை. எதிர்மேசையில இருந்து நான் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்."

நான் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் கேட்கும்போதே அது காணாது என்று தெரிந்தது. அவர் கேத்திலில் தண்ணீர் வைத்தார். தேத்தண்ணியைக் குடிக்கும்வரை விலாசத் துண்டைப் பற்றி மட்டும் கதைத்தோம்.

அவர் சொன்னதை வைத்து நான் தனியாகத் திருத்தியிருக்க முடியும். இரண்டு நாள் வேலை. யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. திங்கட்கிழமை காலை வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தபடியே மனேஜரைக் கூப்பிட்டேன். பிழையைக் கண்டுபிடித்தது யார் என்று சொன்னேன். என் படிவத்தில் மூன்றாவது பதில் பொய் என்றும் சொன்னேன். என் வேலையை அவர் ஆறு வாரம் செய்திருக்கிறார், அவர் வேலை எனக்குப் பாதிதான் தெரியும், நீங்கள் தவறான ஆளை அனுப்பிவிட்டீர்கள்.

இதை எனக்கு எழுத்தில் அனுப்பாதே என்றார் மனேஜர். பிறகு இன்னொன்றும் கேட்டார். அவர் வருவாரா?

புதிய கொன்ராக்டுகள் எல்லாவற்றையும் தலைமை அதிகாரி நிறுத்தி வைத்திருந்த காலம். ஆனால் பைகளின் படம் அதற்குள் மேலே போயிருந்தது. அவசர வேலை என்று ஒரு விதிவிலக்கைத் தேடிப்பிடித்து அண்ணையை மூன்று மாதத்துக்குக் கூப்பிட்டார் மனேஜர். அண்ணை வந்தார். முதல் நாளே அந்தத் துண்டைப் புதிய சேவைக்கு ஏற்ற மாதிரி எழுதினார். திரும்பி வந்த கடிதங்கள் எல்லாம் புதிய கடைசித் திகதியோடு மறுபடி போயின. அந்தத் திகதியைத் தள்ளிவைக்க ஒட்டாவாவில் மூன்று பேருடைய ஒப்புதல் வேண்டியிருந்தது. மனேஜர் அதை எடுத்துத் தந்தார்.

மீதி நாட்களில் அவர் தன் பக்கத்தை எனக்குச் சொல்லித் தந்தார், என் பக்கத்தில் அவருக்குத் தெரியாததை நான் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதி வைத்தோம். மத்தியானத்தில் ஒன்றாகக் கீழே போவோம். ஆனால் முன்பு போல இல்லை. முன்பு அவர் தன் பிள்ளைகளைப் பற்றி, பங்குக் கோயிலில் பாட்டுக்குழுவில் நடக்கும் சண்டைகளைப் பற்றிச் சொல்வார். இப்போது வேலையைப் பற்றித்தான் கதைத்தார். அதில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் முடியும் தறுவாயில் நீடிக்கலாம் என்று மனேஜர் சொன்னார். அண்ணை வேண்டாம் என்றார். ஒரு பாடசாலைச் சபையில் அவருக்கு நிரந்தர வேலை கிடைத்திருந்தது. ஆசிரியர்களின் கணினிகளைப் பார்க்கும் வேலை. பழைய நிரல்மொழி ஒன்றும் தேவையில்லை.

அவர் போய் இரண்டு மாதத்தில் தலைமை அதிகாரியும் போய்விட்டார். மெயிலில் மூன்று பந்திகள். இடைக்காலத்துக்கு வந்த பெண்மணி முதல் கூட்டத்தில் கொன்ராக்ட்காரரை வெளியேறச் சொல்லவில்லை. வெளியாட்களின் அறிவை நாங்கள் மதிக்கிறோம் என்றார். எங்கள் பக்கத்துக்குப் புதிதாக இரண்டு பேரை எடுத்தார்கள், வேறு ஏஜென்சியிலிருந்து. அவர்களுக்கு அண்ணையும் நானும் எழுதிய குறிப்புகளைக் கொடுத்தேன். அண்ணையை வெளியே அனுப்பி அரசு எதைக் காப்பாற்றியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போன ஆவணியில் அவருடைய மகளின் கல்யாண அழைப்பிதழ் தபாலில் வந்தது. நான் எதிர்பார்க்கவில்லை. பூசைக்கும் போனோம், பின்னேரம் ஸ்காபரோவில் மண்டபத்துக்கும் போனோம். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் உறவினர்களின் மேசையில் இருத்தினார். நான் செய்தது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அந்த முகத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணை எங்கள் மேசைக்கு வந்தார். கோட்டைக் கழற்றியிருந்தார், வேர்த்திருந்தது. என் கணவரோடு விமான நிலையத்தைப் பற்றிக் கதைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இப்ப மேல ஆர் இருக்கினம்?"

மறுபடி ஒரு புதியவர் வந்திருக்கிறார் என்று சொன்னேன், பெயரையும் சொன்னேன்.

"எங்களைப் படிவம் எழுத வைச்ச அந்தப் பெடியன்ரை பேர் என்ன?" என்றார். "யோசிச்சுப் பாத்தன், வருகுதில்லை. வீட்டில அவவையும் கேட்டனான், அவவுக்கும் ஞாபகமில்லை."

உண்மையாகவே யோசித்தார். நெற்றியைத் தடவினார். நான் பெயரைச் சொன்னதும், "ஓம், ஓம், அதுதான்" என்று தலையாட்டினார். அதற்குள் யாரோ படம் எடுக்கக் கூப்பிட, என் தோளை ஒரு தரம் தட்டிவிட்டு எழும்பிப் போனார்.

வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் ஓட்டினார். எனக்கு மேலே வந்து போன ஆறு பேருடைய பெயரும் வரிசையாக, வந்த மாதத்தோடு, போன மாதத்தோடு நினைவிருந்தது. அவர்கள் முன்பு எங்கெங்கே வேலை செய்தார்கள் என்பதும். நானும் வேறு வேலைக்கு எழுதிப் போடப் போகிறேன் என்று சொன்னேன். எப்ப என்று கேட்டார் கணவர். மார்ச் முடியட்டும் என்று சொல்ல வாய் திறந்தேன். மூடிக்கொண்டு, நாளைக்கு என்றேன்.